நீங்க முன்னால போங்க

வரிசையில் தனக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு ஆள்தான் என்று ஆனதும் சோணைமுத்து ஒரு அடி பின்னால் வைத்தான். அடக் கடவுளே, அதற்குள்ளேயா வந்துவிட்டது? சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். தாள் இருந்தது. இல்லாமல் எங்கே போகும், காலையிலிருந்து தொட்டுத் தொட்டே மடிப்பெல்லாம் வேர்வையில் நைந்து கிடந்தது. அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள். இந்தக் காப்பீட்டு கவுண்டரில் ஒரு சீல் வாங்கி, மாடியில் எலும்பு வார்டு சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டால் முடிந்தது கதை, அம்மாவைத் தள்ளுவண்டியில் வைத்து வாசலுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரே ஒரு சீல். டொக்கென்று ஒரு குத்து. அதற்காக ஒருத்தன் காலையிலிருந்து நிற்கிறான் என்றால் எந்த மடையன் நம்புவான்? முன்னால் நின்றவன் கண்ணாடிக்குள் கையை நீட்டிவிட்டான், அவன் நகர்ந்தால் அடுத்தது இவன்தான். சட்டென்று திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒரு பெண், இடுப்பில் மூக்கு ஒழுகிக்கொண்டு ஒரு பிள்ளை. "நீங்க முன்னால போங்கம்மா" என்றான். "ஏன், உங்களுக்கு அவசரமில்லையா?" "எனக்கென்ன அவசரம், நீங்க பிள்ளைய வச்சுக்கிட்டு நிக்கிறீங்க, போங்க." அவள் முகம் மலர்ந்துபோயிற்று. "மகராசனா இருப்பீங்கண்ணே. உங்களப் பெத்தவ புண்ணியவதி" என்று சொல்லிவிட்டு முன்னால் போனாள். சோணைமுத்து தலையைக் குனிந்துகொண்டான். அவன் காலில் இருந்த செருப்பின் வார் ஒரு பக்கம் பிய்ந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பெத்தவ மேலே உட்கார்ந்திருக்கிறாள். காலையில் டாக்டர் சொன்ன உடனே பக்கத்துக் கட்டில்காரியைக் கெஞ்சித் தலை வாரிக்கொண்டாள், வயர்கூடையில் டம்ளர், தட்டு, தைலப் புட்டி எல்லாவற்றையும் அடுக்கச் சொன்னாள், அடுக்கியது இவன்தான். அப்புறம் "எப்படா போறோம்?" என்று கேட்டாள். "சீல் வாங்கணும்மா, கீழ கூட்டம் அள்ளுது" என்றான். அதோடு அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். நாலு வார்த்தை வைதிருக்கலாம். ஊரில் ஒச்சம்மா வாய்க்குப் பயந்து பஸ்ஸே ஓரமாகப் போகும் என்பார்கள், அந்த வாய் எங்கே போயிற்று? எல்லாம் அப்பா செத்த பதினாறாம் நாள் காசிமாயன் மாமா செய்த ஏற்பாடு. தாய்மாமன் சொல்லுக்கு மறுசொல் ஏது. ஆளுக்கு ஒரு மாசம், சித்திரை மூத்தவன், வைகாசி இளையவன், அப்படியே மாத்தி மாத்தி வச்சுக் கஞ்சி ஊத்துங்கடா என்று பந்தலுக்குள் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் பாயாசம் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றையிலிருந்து ஒவ்வொரு மாசப் பிறப்புக்கும் அம்மா வயர்கூடையைத் தூக்கிக்கொண்டு காலையில் கிளம்பிவிடுவாள், சோணை வீட்டிலிருந்து தம்பி தவமணி வீட்டுக்கு, தவமணி வீட்டிலிருந்து சோணை வீட்டுக்கு, நடுவில் ஒரே ஒரு டவுன் பஸ். ஒரு நாள் முந்தியதில்லை, ஒரு நாள் பிந்தியதில்லை. ஒரு தடவை கார்த்திகை மாசப் பிறப்பில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது, நாளைக்குப் போயேம்மா என்று இவன் சொல்லியிருக்கலாம் அல்லவா, சொல்லவில்லை, குடையைத்தான் எடுத்துக் கொடுத்தான். அந்தக் குடையைக்கூட அடுத்த மாசம் மறக்காமல் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள் புண்ணியவதி.

ஆனியில்தான் விழுந்தாள். ஆனி இவன் முறை. இவன் வீடு மாடியில், இரும்புப் படிக்கட்டு, கக்கூஸ் கீழே, அதுவும் காம்பவுண்டில் எல்லாருக்கும் பொது. விடியக் கருக்கலில் மருமகளை எழுப்ப வேண்டாம் என்று தானே இறங்கியிருக்கிறாள், பாதியில் கால் நழுவிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே பிளேட் வைத்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்க்க வந்த காசிமாயன் மாமா வாழைப்பழத்தை அம்மா தலைமாட்டில் வைத்துவிட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "இங்க பாருங்கடா, பச்சை எலும்பு. அங்கிட்டும் இங்கிட்டும் தூக்கிட்டு அலையக் கூடாது. ஆஸ்பத்திரியில இருந்து எவன் மாசத்துல வெளிய வர்றாளோ, அவன் வீட்டுலதான் கால ஊண்டி நடக்கிற வரைக்கும் இருக்கணும். என்ன?" என்றார். சரி மாமா என்றான் இவன். சரி மாமா என்றான் தவமணி. நியாயமான பேச்சுதானே, யார் என்ன சொல்ல முடியும். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதை விட்டுவிட்டுத் தேதியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஊண்டி நடக்க மூணு மாசமாவது ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் தூக்கணும், துடைக்கணும், பெட்பான் வைக்கணும். இன்றைக்கு ஆனி முப்பத்தொன்று. கவுண்டருக்குள் குமாஸ்தா முதுகுக்குப் பின்னால் தொங்கும் தினசரி காலண்டரில் பெரிதாகப் போட்டிருக்கிறது, காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இன்றைக்குச் சீல் விழுந்தால் அம்மா இவன் வீட்டுக்கு. நாளைக்கு ஆடி பிறந்த பிறகு விழுந்தால் தவமணி வீட்டுக்கு. அவ்வளவுதான், இதில் ஒரு ரகசியமும் இல்லை, சாயங்காலம் கவுண்டரை மூடும் வரைக்கும் எப்படியாவது நின்றுவிட வேண்டும்.

தண்ணி லாரி ஓட்டுகிறவனுக்கு வரிசை என்ன புதுசா? நீரேற்று நிலையத்தில் எத்தனை நாள் வரிசையில் கிடந்திருக்கிறான். அங்கே ஒரு வண்டியை முன்னால் விட்டதுண்டா? மூக்கை நுழைத்தவன் சட்டையைப் பிடித்திருக்கிறான், பம்பரோடு பம்பர் ஒட்டி நிறுத்தி எவன் வர்றான் பார்க்கிறேன் என்று இறங்கி நின்றிருக்கிறான். சோணைமுத்து வரிசையில் நிற்கிறான் என்றால் நடுவில் ஈ நுழையாது. அந்தச் சோணைமுத்துதான் இன்றைக்கு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வழி விட்டுக்கொண்டு நிற்கிறான். காலையில் ஒரு வாத்தியாரை விட்டான், அப்புறம் கைக்கட்டுப் போட்ட ஒருத்தனை விட்டான், அப்புறம் யார் யாரையோ. ஒரு பெரியவர் மட்டும் ஏமாறவில்லை. "நீ போப்பா, நான் மெதுவா வாரேன்" என்று பிடிவாதமாக நின்றார், இவன் நீங்க போங்க என்கிறான், அவர் நீ போ என்கிறார், பின்னால் இருந்தவன் "யோவ், ரெண்டு பேரும் என்ன பந்தியிலயா உக்காந்திருக்கீங்க" என்று கத்தவும் எல்லாரும் சிரித்தார்கள், இவனும் சிரித்தான். எதற்குடா சிரிக்கிறாய்? மேலே ஒருத்தி தலை வாரி உட்கார்ந்திருக்கிறாள், நீ இங்கே இளிக்கிறாய். வெட்கம் கெட்ட பயலே.

பெண்டாட்டி பஞ்சவர்ணம் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம், தட்டைத் தூக்கி எறியலாம், என் ஆத்தாளை நான் கூட்டிட்டு வருவேன், இஷ்டமிருந்தா இரு என்று ஆம்பளையாக ஒரு சத்தம் போடலாம். அவள் கத்தவில்லை. கட்டியவள்மேல் ஒரு குற்றம் சொல்ல முடியுமா? அம்மா விழுந்த அன்றைக்கு ஒற்றை ஆளாகப் படியிலிருந்து தூக்கினது அவள்தான், அதில் முதுகில் ஏதோ பட்டென்றது என்றாள், அன்றையிலிருந்து குனிந்தால் நிமிர மாட்டாள், நிமிர்ந்தால் குனிய மாட்டாள், தையல் கம்பெனியில் நின்றுகொண்டே பட்டன் வைக்கிறாள். நேற்று ராத்திரி, அம்மாவை நாளைக்கு விட்டுருவாங்க போல என்று இவன் சொன்னதும், சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து மெதுவாகத்தான் சொன்னாள். "நான் அத்தைய வேணாம்னு சொல்லல. என்னால தூக்க முடியல. நீங்க லாரியில போயிருவீங்க. பகல்ல நான் வேலைக்குப் போயிட்டா மாடியில தனியாக் கெடப்பாக. கொழுந்தன் வீடு தரையோட வீடு, கக்கூஸ் உள்ளயே இருக்கு. நாளைக்கு ஒரு நாளை மட்டும் எப்படியாச்சும் கடத்திருங்க." கடத்திருங்க. அந்த ஒரு சொல் காதில் கரப்பான் பூச்சி மாதிரிப் புகுந்துகொண்டு குடைகிறது. அவள் சொன்னதில் எது பொய்? ஒன்றும் பொய் இல்லை. தவமணி வீடு தரையோட வீடு, நிஜம். கக்கூஸ் உள்ளே, நிஜம். அவன் பெண்டாட்டி சுகந்திக்கு முதுகு நல்ல முதுகு, அதுவும் நிஜம். அம்மாவுக்கே அங்கேதான் சௌகரியம். ஆக அம்மா நன்மைக்காகத்தான் நிற்கிறான் இவன், ஆமாம், அப்படிப் பார்த்தால் தப்பே இல்லை. நியாயமெல்லாம் தன் பக்கம்தான் இருக்கிறதே, பிறகு ஏன் இப்படிக் கள்ளத்தனமாக நிற்க வேண்டும்? நியாயம் உள்ளவன் அதை மாமாவிடம் நேராகச் சொல்லியிருப்பான். தம்பியிடம் சொல்லியிருப்பான். சொன்னால் தவமணி என்ன சொல்வான் என்று தெரியும், "உன் வீட்டுல விழுந்தவளை நீதான்ணே நிமித்தணும்" என்பான்.

பினாயில் வாடை குப்பென்று வந்தது, யாரோ வராந்தாவைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள், எல்லாரும் காலைத் தூக்கித் தூக்கி நின்றார்கள். இந்த வாடை சின்னப் பிள்ளையிலிருந்தே தெரியும். ஏழு வயசோ எட்டு வயசோ, வேப்ப மரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்து ஊர்ப்பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மாவுக்கட்டுப் போட்டாயிற்று, இன்னும் நாலு நாள் இருக்கட்டும் என்றார்கள். ராத்திரியெல்லாம் பக்கத்தில் எவனோ அனத்துகிறான், இவனுக்குத் தூக்கமே இல்லை, வீட்டுக்குப் போகணும் வீட்டுக்குப் போகணும் என்று ஒரே அழுகை. அம்மா பார்த்தாள். கம்பவுண்டரிடம் போய், "எம்பிள்ள எம்பக்கத்துல படுத்தாத்தான் தூங்குவான், நீங்க எழுதுனா எழுதுங்க, எழுதாட்டிப் போங்க" என்று சொல்லிவிட்டு இவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வளர்ந்த பயல், கால் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. பின்னாலேயே ஒரு ஆள் ஏம்மா ஏம்மா என்று ஓடி வருகிறான், அவள் திரும்பிப் பார்த்தால்தானே. பஸ்ஸில் இடம் இல்லாமல் நின்றுகொண்டே ஊர் வரைக்கும் வந்தாள், இறக்கி விடவில்லை. அந்த வேர்வை வாடை, வெற்றிலை வாடை, அவள் தோளில் கன்னம் ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தது எல்லாம் இப்போது நடந்தது போல் இருந்தது. அன்றைக்கு அவள் யாரைக் கேட்டாள்? எந்த வரிசையில் நின்றாள்? சனியனே, இதையெல்லாம் இப்போது ஏன் நினைக்கிறாய். அவளுக்கு அப்போது முப்பது வயசு, இடுப்பு இடுப்பாக இருந்தது, எனக்கு இப்போது வீட்டில் என்ன இருக்கிறது, அவள் ஒருத்தி தூக்கினாள், என்னை ஒருத்தனைத் தூக்கினாள், இது வேற, அது வேற. எது வேற? ஒன்றும் வேற இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, தூசி விழுந்தவன் போல் தேய்த்துக்கொண்டான்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று அடியில் கிடந்தது, அதன் பக்கம் போகாமலே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான், இப்போது தானாகவே மேலே வந்துவிட்டது. அம்மா வார்டில் மூலைக் கட்டிலில் ஒரு கிழவி இருந்தாள். அம்மாவைப் போலவே இடுப்பு, அம்மாவைப் போலவே நல்லபடியாக ஆபரேஷன். வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகு, மகன் திருப்பூரிலிருந்து வரட்டும், மகன் வரட்டும் என்று வைத்திருந்தார்கள். கிடந்த கிடையில் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மகன் வந்தான். கிழவியைத் துணியில் சுற்றித்தான் கொண்டுபோனான். காலையில் சின்ன டாக்டரம்மா இவனிடம் அதை மனசில் வைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். "வேலை முடிஞ்சிருச்சுண்ணே, சும்மா சும்மா இங்க வச்சிருக்காதீங்க, படுக்கைப் புண் வரும், சளி பிடிக்கும், இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருங்க." சரிங்கம்மா, சரிங்கம்மா என்று தலையாட்டினான். ஒரு நாளில் என்ன ஆகிவிடும், ஒன்றும் ஆகாது. கிழவி எத்தனை நாள் கிடந்தாள், இது ஒரே ஒரு ராத்திரி. ஆனால் ஒரு ராத்திரியிலும் ஆகலாம் இல்லையா? ஆகிவிட்டால்? ஆகிவிட்டால் யார் மாசத்தில் ஆனது என்று மாமா வராந்தாவில் வைத்துப் பேசுவாரோ? நினைத்த மாத்திரத்தில் உடம்பெல்லாம் கூசியது. முன்னால் நின்ற பெண் சீல் வாங்கிக்கொண்டு "வாரேண்ணே" என்று சிரித்துவிட்டுப் போனாள். சோணைமுத்து அவசரமாகத் திரும்பிப் பார்த்தான். பின்னால் இன்னும் ஒரே ஒருத்தன், பையன் மாதிரி இருந்தான், காதில் ஏதோ மாட்டிக்கொண்டு. அவனையும் தோளைத் தட்டி முன்னால் விட்டான்.

அப்போதுதான் போன் அதிர்ந்தது. தவமணி. எடுக்காமல் இருந்துவிடலாமா என்று பார்த்தான், எடுத்தான். "அண்ணே, ஆச்சா?" என்றான் தவமணி. "எங்கடா ஆகுது, கூட்டம் அள்ளுது. இன்னைக்கு முடியாது போலருக்கு" என்றான் இவன், குரலில் கொஞ்சம் அலுப்பைக்கூடச் சேர்த்துக்கொண்டான். "நாளைக்குத்தான் விடுவாங்க. நாளைக்குன்னா ஆடியாயிருச்சு பாத்துக்க. மாமா சொன்னபடி நீ காலையில ஒரு ஆட்டோவப் பிடிச்சு வந்துரு." அந்தப் பக்கம் தறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது, தவமணிக்கு விசைத்தறி வேலை. பிறகு தவமணி மெதுவாக, பெரியவர்கள் சின்னப் பிள்ளைக்குக் கெட்ட சேதி சொல்லும் குரலில் சொன்னான். "அண்ணே, ஆனி இந்த வருசம் முப்பத்தொண்ணுல முடியல. முப்பத்திரண்டு இருக்கு. நாளைக்கும் ஆனிதான்." "என்னடா உளர்றே?" "காலண்டர்ல அடுத்த சீட்டைத் தூக்கிப் பாருண்ணே. நாளைக்கழிச்சுத்தான் மாசப் பொறப்பு." முப்பத்திரண்டு நாள் மாசம். ஆமாம், ஆனியில் அப்படி வரும், அம்மாகூட எப்போதோ சொல்லியிருக்கிறாள், ஆனி இழுக்கும்டா என்று. லாரிக்காரனுக்கு இங்கிலீஷ் தேதிதான் தெரியும், முப்பதும் முப்பத்தொண்ணும் தாண்டி ஒரு மாசம் உண்டா என்று இருந்துவிட்டான். "உனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டான். கேட்டிருக்கக் கூடாது. "நானும் ஒரு வாரமா அதைத்தானண்ணே பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றான். அவன் குரல் உடைந்து போயிருந்தது. யார் முதலில் போனை வைத்தார்கள் என்று தெரியவில்லை.

"யாருங்க அடுத்தது?" என்றது கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு குரல். பின்னால் திரும்பினான். யாரும் இல்லை. முன்னால் விடுவதற்கு இந்த ஆஸ்பத்திரியில் இனி ஒரு ஜீவன் இல்லை. குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இவனைப் பார்த்தார். "சார், அந்தக் காலண்டர்ல நாளைச் சீட்டைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்றான். "ஏன், நல்ல நேரம் பாக்கணுமா?" என்று சலித்துக்கொண்டே அவர் எட்டித் தாளைத் தூக்கிப் பார்த்தார். "ஆனி முப்பத்திரண்டு. நாளைக்கு நாள் நல்லாத்தான் இருக்கு. நாளைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, எனக்கும் கவுண்டர் மூடுற நேரம்." நாளைக்கும் கடத்தணும் அப்படியானால், நாளை ஒரு பகல் முழுக்க, இதே போல், என்று உள்ளுக்குள் ஒருத்தன் அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். சோணைமுத்துவுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. தாளைப் பிரித்து நீட்டினான். டொக். அவ்வளவுதான். "இதுக்கா காலையில இருந்து நின்னீங்க? உங்களைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், ஊர்ல உள்ளவனையெல்லாம் முன்னால விட்டீங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசன்" என்று குமாஸ்தா சொல்லிவிட்டு ஜன்னலை இழுத்து மூடினார்.

சாய்தளத்தில் ஏறினான். ஏறும்போது மனசு என்னவோ லேசாக இருந்தது, அழுது முடித்த மாதிரி. சரி, விழுந்துவிட்டது, இனிப் பேச்சில்லை. கூட்டிப் போவோம். காம்பவுண்டில் நாலு பேரைக் கூப்பிட்டால் நாற்காலியோடு மாடிக்கு ஏற்றிவிடலாம். இரண்டு வாரம் லாரிக்கு லீவு சொல்லலாம், முதலாளி ஏசுவான், ஏசட்டும். பெட்பான் நான் வைக்கிறேன், பெத்தவளுக்கு வைக்க என்ன கூச்சம். பஞ்சவர்ணம் ஒன்றும் சொல்ல மாட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்ப்பாள், பார்க்கட்டும். அவள் முதுகு? அவள் முதுகை யார் பார்ப்பது? இரண்டு வாரம் கழிந்த பிறகு? பகலெல்லாம் அந்த மாடியில் தகரக் கூரைக்குக் கீழே அம்மா தனியாக, தண்ணீர் வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவாள்? அதெல்லாம் அப்புறம். முதலில் வீடு போய்ச் சேர்வோம். நடையை எட்டிப் போட்டான், இவ்வளவு நேரம் ஊர்ந்தவன் இப்போது ஓடினான், வழியில் ஒரு தள்ளுவண்டி சும்மா நின்றது, அதையும் தள்ளிக்கொண்டு போனான். தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டே வந்தது.

அம்மா உட்கார்ந்திருக்கவில்லை. படுத்திருந்தாள். வாரின தலை கலைந்திருந்தது, விரலில் ஏதோ கிளிப் மாட்டியிருந்தார்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மெஷின் பச்சை எழுத்தில் என்னவோ காட்டிக்கொண்டிருந்தது. தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். "அம்மா! என்னம்மா?" சிஸ்டர் எதிர்க் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டே திரும்பினாள். "எங்க போனீங்கண்ணே இவ்வளவு நேரம்? நெஞ்சு வலிக்குதுன்னாங்க உங்கம்மா. டாக்டரம்மா வந்து பாத்தாங்க, ஈசிஜி எடுத்தாச்சு, பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா வலி எப்பத்துல இருந்துன்னு சரியாத் தெரியாம அனுப்ப முடியாதுன்னுட்டாங்க. இருங்க, வாரேன்" என்றாள். சோணைமுத்து கட்டில் ஓரத்தில் முழங்காலிட்டான். அம்மாவின் கையைப் பிடித்தான், எலும்பும் தோலுமாக இருந்தது. "ரொம்ப வலிக்குதாம்மா?" அம்மா கண்ணைத் திறந்து முதலில் சிஸ்டர் எங்கே நிற்கிறாள் என்று பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வலியெல்லாம் ஒண்ணுமில்லடா" என்றாள். அவனுக்குப் புரியவில்லை. "பெறகு ஏம்மா சொன்ன?" "சும்மா சொன்னேன். இன்னும் ரெண்டு நாளைக்கு இருந்துக்கலாமேன்னு." "ஆஸ்பத்திரியிலயா?" "ஆமா. காலையில அந்த நர்சுப் பிள்ள வந்து தூங்குனியா பாட்டின்னு கேக்குது. சோறு வந்துருது. பக்கத்துக் கட்டில்காரி ரெண்டு வார்த்த பேசுறா. இங்கன இருந்தா இது யாரு மாசம்னு ஒருத்தரும் கேக்கலடா."

அவள் குறையாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. சந்தையில் கத்தரிக்காய் நன்றாக இருந்தது என்று சொல்வாளே, அப்படித்தான் சொன்னாள். சோணைமுத்து அவள் கையில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினான். "வாம்மா, போயிரலாம். சீல் வாங்கிட்டேன். இந்தா பாரு, வண்டிகூடக் கொண்டாந்துட்டேன். நான் தூக்கிட்டுப் போறேன். நம்ம வீட்டுல இரு, நடக்கிற வரைக்கும் இரு, பெறகும் இரு, எந்த மாசமும் வேணாம்." அம்மா அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள், குழிந்த கண்ணில் என்னவோ ஒன்று அசைந்தது, உதட்டு ஓரம் நடுங்கியது. "நெசமாவாடா சொல்ற?" என்றாள். "நெசமாத்தாம்மா." அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முழங்கையை ஊன்றினாள், இன்னொரு கையால் விரலில் இருந்த கிளிப்பைத் தடவி எப்படிக் கழற்றுவது என்று பார்த்தாள். அந்த நேரத்தில் சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "இப்ப சொல்லுங்கண்ணே, உங்கம்மாவுக்கு இதுக்கு முன்னாடி வலி இருந்துச்சா? இல்ல இன்னைக்குத்தான் திடீர்னு வந்துச்சா? வாயுத் தொந்தரவா இருந்தா இப்பவே கூட்டிட்டுப் போயிரலாம். டாக்டரம்மா கீழதான் இருக்காங்க, ஒரு போன் போட்டாப் போதும். ஏற்கெனவே இருந்துச்சுன்னா நாளைக்கழிச்சு இதய டாக்டர் வருவார், அதுவரைக்கும் இருக்கணும்."

நாளைக்கழிச்சு. சட்டைப் பையில் சீல் போட்ட தாள் இருந்தது. ஒன்றுமில்ல சிஸ்டர், வாயுதான், நாங்க கிளம்புறோம். அவ்வளவுதான் சொல்ல வேண்டும், வாய்க்குள் வந்தே விட்டது, நாக்கு நுனியில் நின்றது. இரும்புப் படிக்கட்டு தெரிந்தது. பஞ்சவர்ணம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்வது தெரிந்தது. தகரத்துக்குக் கீழே பகல் தெரிந்தது. நாளைக்கழிச்சு ஆடி ஒன்று. அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துச்சு சிஸ்டர்" என்றான் சோணைமுத்து. தன் குரலா அது என்று அவனுக்கே தெரியவில்லை. "ரெண்டு நாளாவே இருக்கு. நாந்தான் சொல்லாம விட்டுட்டேன்."

சிஸ்டர் அம்மா பக்கம் திரும்பினாள். "அப்படியா பாட்டி? ரெண்டு நாளாவே வலிக்குதா?"

அம்மா ஊன்றிய முழங்கையை மெதுவாக எடுத்துவிட்டு மறுபடியும் தலையணையில் சாய்ந்தாள்.

"ஆமா தாயி" என்றாள். "எம்மகன் சொல்றது சரிதான்."